வீட்டைப் பார்க்கும் முன் எல்லைக்கோட்டைப் பாருங்கள்: மெட்டச்சனுக்குக் குடிவருகிறவர்களுக்கு

நியூ ஜெர்சி வரைபடத்தில் எடிசனைத் தேடிப் பாருங்கள். மெதுவடை மாதிரி நடுவில் ஒரு ஓட்டை தெரியும். அந்த ஓட்டைதான் மெட்டச்சன். பரப்பு மூன்று சதுர மைல்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் 15,049 பேர். எந்தத் திசையில் காரை விட்டாலும் சில நிமிடங்களில் எடிசனுக்குள் போய்விடுவீர்கள். ஆனால் அந்த ஓட்டைக்குள் தனி மேயர், தனி கவுன்சில், தனி போலீஸ், தனிப் பள்ளிகள், தனி நூலகம் எல்லாம் உண்டு.

'நல்ல ஸ்கூல், ட்ரெயின் ஸ்டேஷன் பக்கத்திலேயே' என்று யாரோ சொல்ல, நானும் இங்கே வாடகைக்கு வந்தேன். வந்தபின் ஒவ்வொன்றாக முட்டிமோதித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த மோதல் வேண்டாம்.

1. பரோ என்றால் என்ன

நியூ ஜெர்சியில் மொத்தம் 564 உள்ளாட்சிகள். அவற்றில் சிட்டி, டவுன், டவுன்ஷிப், வில்லேஜ், பரோ என்று ஐந்து வகை. பெயரை வைத்து அளவைச் சொல்ல முடியாது. டவுன்ஷிப் என்ற பெயரில் லட்சம் பேர் வாழும் எடிசனும் இருக்கிறது. சில ஆயிரம் பேர் வாழும் ஊர்களும் இருக்கின்றன. பரோக்களில் பெரும்பாலானவை பெரிய டவுன்ஷிப்பிலிருந்து 'எங்கள் வரியை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று பிரிந்து போனவை. மெட்டச்சனும் அப்படி ஒரு பரோதான், 1900இல் ராரிட்டன் டவுன்ஷிப்பிலிருந்து பிரிந்தது. மிச்சமிருந்த ராரிட்டன், அங்கே மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் வைத்திருந்த தாமஸ் எடிசனின் நினைவாக 1954இல் பெயரை மாற்றிக்கொண்டது. நாம் எல்லோரும் எடிசன் எடிசன் என்கிறோமே, அந்தப் பெயர் அவ்வளவு பழையதில்லை.

இது உங்களுக்கு ஏன்? பள்ளி, சொத்து வரி, குப்பை எடுக்கும் நாள், ரயில் நிலையத்தில் கார் நிறுத்தும் உரிமை எல்லாமே வீடு எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. தெருவுக்கு இந்தப் பக்கம் மெட்டச்சன், எதிர்ப்பக்கம் எடிசன் என்று இருக்கும் இடங்களும் உண்டு.

2. அஞ்சல் முகவரியை நம்பாதீர்கள்

வாடகை விளம்பரத்தில் ஊர்ப்பெயர் போட்டிருந்தால் வீடு அந்த ஊரில்தான் இருக்கும் என்று நம் மனம் தானாக நம்பிவிடும். நியூ ஜெர்சியில் அது சரிப்படாது. ஜிப் கோடு என்பது தபால்காரரின் வசதிக்காகப் பிரித்தது. ஊராட்சி எல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'பிரின்ஸ்டன்' என்று முகவரி கொண்ட எத்தனையோ வீடுகள் உண்மையில் வெஸ்ட் விண்ட்சரிலும் பிளெய்ன்ஸ்பரோவிலும் இருக்கின்றன. அங்கே வீடு எடுத்துவிட்டுப் பிள்ளை பிரின்ஸ்டன் பள்ளிக்குப் போகும் என்று காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

எனவே கையெழுத்துப் போடும் முன் இரண்டு வேலை. ஒன்று, அந்த வீட்டுக்குச் சொத்து வரி எந்த ஊருக்குப் போகிறது என்று வரிப் பதிவில் பாருங்கள். அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு, பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு போன் போட்டு, கதவு எண்ணைச் சொல்லி, 'இந்த வீடு உங்கள் எல்லைக்குள் வருகிறதா' என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. தரகர் தலையாட்டினால் போதாது, போனில் நீங்களே கேளுங்கள்.

3. வாடகையா, சொந்தமா

முதல் வருடம் வாடகைக்கு இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஒரு குளிர்காலத்தைப் பார்க்காமல் இங்கே வீடு வாங்கக்கூடாது.

வாடகைக்கு வருகிறவர்களுக்கு இந்த மாநிலச் சட்டம் நல்ல அரண். முன்பணம் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதை வட்டி வரும் கணக்கில் போட்டு, எந்த வங்கி என்று எழுத்தில் சொல்ல வேண்டும். காலி செய்தபின் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்; பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் தர வேண்டும். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்பார்கள். சாவி வாங்கிய அன்றே, ஒரு பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோகும் முன், ஒவ்வொரு அறையையும் செல்போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். என் பழைய வீட்டில், நான் வரும் முன்பே இருந்த அடுப்புச் சூட்டுக் கறை ஒன்றின் செலவை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். வீடியோ இருந்ததால் தப்பித்தேன்.

வாங்குகிறவர்களுக்கு விஷயம் நீளம். மெட்டச்சன் பழைய ஊர். மெயின் ஸ்ட்ரீட்டைச் சுற்றி நூறு வயது தாண்டிய மரவீடுகள் வரிசையாக நிற்கும். அகன்ற முன்திண்ணை, உயரமான ஓக் மரங்கள், பார்க்க ஆசையாக இருக்கும். உள்ளே போனால் அலமாரி சின்னது, குளியலறை ஒன்றோ ஒன்றரையோ. இதே பணத்துக்குத் தள்ளிப்போய் ஒரு டவுன்ஷிப்பில் இரண்டு கார் கராஜோடு பெரிய வீடு கிடைக்கும். ரயிலே ஏறப்போவதில்லை, கடைத்தெருவுக்கு நடக்கப்போவதில்லை என்றால் இங்கே கொடுக்கும் கூடுதல் விலை வீண்தான்.

பழைய வீடென்றால் முதலில் கேட்க வேண்டியது, மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று. இயற்கை எரிவாயு வருவதற்கு முன் இந்த வீடுகளில் பலவற்றை எண்ணெய் எரித்துத்தான் சூடாக்கினார்கள். எண்ணெய் வைத்த இரும்புத் தொட்டி தோட்டத்து மண்ணுக்குள் புதைந்திருக்கும். துருப்பிடித்துக் கசிந்தால் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரர் தலையில். வீடு வாங்கியபின் அந்த வீட்டுக்காரர் நீங்கள்தான். சாதாரண வீட்டுச் சோதனையில் இது வராது. தொட்டி தேடுகிற ஆளைத் தனியாக வரவழையுங்கள். கையில் ஒரு கருவியோடு தோட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்ப்பார். கூடவே அடித்தளத்தில் ரேடான் (மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயு) சோதனை, 1978க்கு முந்திய வீடென்றால் சுவர்ப் பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்ற சோதனை.

அடுத்து, 'ஃபினிஷ்டு பேஸ்மென்ட்', அதாவது புழங்கும் அறையாக மாற்றிய நிலவறை, என்று விளம்பரத்தில் இருந்தால் அனுமதி வாங்கிக் கட்டியதா என்று பாருங்கள். இங்கே வாட்டர் ஹீட்டர் மாற்றவே பெர்மிட் வேண்டும். அந்த வீட்டின் பெர்மிட் கோப்புகளைப் பொது ஆவணச் சட்டத்தின்படி பரோ அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பித்துக் கேட்கலாம். ஏழு வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரிதான். இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, ஏன் என்று புரியவில்லை.

தரகர் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் மூன்று வேலைநாள் வழக்கறிஞர் பார்வைக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மூன்று நாளில் உங்கள் வழக்கறிஞர் ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லலாம், வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். வழக்கறிஞரைக் கையெழுத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேடினால் மூன்று நாள் எங்கே போனதென்றே தெரியாது.

4. சொத்து வரி

அமெரிக்காவிலேயே சொத்து வரிச் சுமை அதிகமான மாநிலம் நியூ ஜெர்சி. 2024இல் ஒரு வீட்டுக்கான மாநிலச் சராசரி 10,000 டாலரைத் தாண்டியது. மெட்டச்சனில் அதற்கும் மேல். வீட்டுக் கடன் கட்டி முடித்தாலும் இது முடியாது. வீட்டை வைத்திருக்கும்வரை ஊருக்கு வாடகை கட்டுகிற மாதிரிதான்.

பில்லில் பள்ளிக்கு, பரோவுக்கு, கவுன்ட்டிக்கு (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு) என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பள்ளிப் பங்குதான் பெரியது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் முதல் தேதி தவணை. வங்கியே கடனோடு சேர்த்துப் பிடித்துக் கட்டினாலும் கட்டிவிட்டதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு உண்டு. ஊருக்கு ஊர் வரி விகிதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது முதலாவது. மதிப்பீடு பல வருடம் பழையதாக இருந்தால் விகிதம் பயங்கரமாகத் தெரியும். புதிதாக மதிப்பிட்ட ஊரில் சின்னதாகத் தெரியும். விகிதத்தை விட்டுவிட்டு, போன வருடம் அந்த வீடு கட்டிய டாலர் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிய வீடுகள். இந்த ஊரில் அது நிறைய நடக்கிறது. விளம்பரத்தில் காட்டும் வரி வெறும் மனைக்கோ இடித்த பழைய வீட்டுக்கோ உரியதாக இருக்கலாம். வீடு முடிந்தபின் கூடுதல் மதிப்பீட்டு பில் தனியாக வரும். என் நண்பர் ஒருவர் இப்படி நவம்பரில் உறையைப் பிரித்தவர், தீபாவளி பட்ஜெட்டையே மறந்துபோனார்.

5. பள்ளிச் சேர்க்கை

மெட்டச்சனின் பெரிய வசதி இதுதான்: ஒவ்வொரு வயதுக்கும் ஒரே பள்ளி. மழலையருக்கு மாஸ், ஒன்று முதல் நான்குவரை கேம்ப்பெல், ஐந்து முதல் எட்டுவரை எட்கர், அப்புறம் மெட்டச்சன் உயர்நிலைப் பள்ளி. எடிசனில் இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகள் இருப்பதால் 'இந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு' என்று வீட்டு விலையே மாறும். இங்கே அந்தக் கவலை கிடையாது. சின்ன அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளையும் பெரிய வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில்.

இன்னொன்று, பஸ்ஸை எதிர்பார்க்காதீர்கள். எட்டாவது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தால்தான் மாநிலச் சட்டப்படி பஸ் விட வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டரை மைல். ஊரே இவ்வளவு சின்னது, அந்தத் தூரம் எங்கிருந்து வரும்? காலையில் பிள்ளைகள் முதுகுப்பையோடு கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். ஆகவே வீடு பார்க்கும்போது பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு தடவை நடந்து பாருங்கள். எந்தச் சாலையைக் கடக்க வேண்டும் என்பது நடந்தால்தான் தெரியும்.

சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம், மின்சார பில் மாதிரி இருப்பிடச் சான்றுகள், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுவது தடுப்பூசியில்தான். இந்திய அரசுத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்ந்த எம்.ஆர். ஊசி. அதில் பொன்னுக்குவீங்கி கிடையாது. நியூ ஜெர்சி கேட்பது மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். சின்னம்மை ஊசியும் அப்படித்தான், அங்கே இலவசப் பட்டியலில் இல்லை, இங்கே கட்டாயம். தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால் அட்டையில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஊரிலேயே போட்டுக்கொண்டு தேதியோடு, மருத்துவர் முத்திரையோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாருங்கள். காசநோய் அதிகமுள்ள நாட்டிலிருந்து வருவதால் அதற்கும் ஒரு சோதனை கேட்பார்கள். பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குத் தோல் சோதனை தவறாகக் காட்டலாம், ரத்தச் சோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெட்டச்சன் எல்லையை ஒட்டி எடிசனில் ஜே.எஃப்.கே. மருத்துவமனை இருக்கிறது, பிள்ளைகள் மருத்துவர்களும் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர், தமிழ் பேசுகிறவர்கள் உட்பட.

6. ரயில்

நார்த் ஈஸ்ட் காரிடர் தடத்தில் மெட்டச்சன் ஒரு நிறுத்தம். நியூயார்க் பக்கம் அடுத்தது மெட்ரோபார்க், மறுபக்கம் எடிசன், அதற்கப்பால் நியூ பிரன்ஸ்விக். மன்ஹாட்டன் பென் ஸ்டேஷனுக்கு ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். உலக வர்த்தக மையம் அல்லது ஜெர்சி சிட்டி பக்கம் வேலை என்றால் வழியில் நியூவர்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, நியூ ஜெர்சியையும் மன்ஹாட்டனையும் இணைக்கும் பாத் ரயிலுக்கு மாறுங்கள். மன்ஹாட்டன் பென் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வராதீர்கள். நெடுந்தூர ஆம்ட்ராக் ரயில்கள் இங்கே நிற்காது, மெட்ரோபார்க்கில்தான் ஏற வேண்டும். ஆனால் ஆம்ட்ராக்கின் அதிவேக அசேலா ரயில் இந்த நிலையத்தில் நிற்காமல் சீறிக்கொண்டு போகும். முதல் நாள் தோசை மடித்த அலுமினியத் தாள் என் கையிலிருந்து பறந்ததை இன்னும் மறக்கவில்லை. மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நில்லுங்கள்.

கார் நிறுத்த மாதாந்திர பெர்மிட் பார்க்கிங் அதாரிட்டியிடம் வாங்க வேண்டும். வீட்டு ஒப்பந்தம் கையில் வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். அதைவிட நல்லது, நடந்துபோகும் தூரத்தில் வீடு எடுப்பது. விளம்பரத்தில் 'நடந்து போகலாம்' என்று எழுதாத வீடே இந்த ஊரில் இல்லை. பிப்ரவரி மாதக் காற்றில், ஓரத்துப் பனிக்கட்டியில் எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி.

7. பனி, இலை, மரம், குப்பை

சாலைப் பனியை பரோ தள்ளும். உங்கள் வீட்டு முன் நடைபாதைப் பனி உங்கள் வேலை. நடைபாதை பரோவுடையது மாதிரி தெரிந்தாலும் குறித்த நேரத்துக்குள் நீங்கள்தான் அள்ள வேண்டும், தவறினால் அபராதம். வாடகை வீடென்றால் யார் அள்ளுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

என் முதல் பனிக்கு, சாந்துச் சட்டியில் மண் அள்ளுவதுபோல் குனிந்து குனிந்து அள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். தூக்காதே, தள்ளு, பாதிப் பனி விழும்போதே ஒரு தடவை தள்ளிவிடு, கார் வெளியேறும் வாயைக் கடைசியாகச் செய், பனிவண்டி வந்து எப்படியும் அதை மூடிவிட்டுப் போகும் என்றார். மூன்றும் வேதவாக்கு. பனி அள்ளும் ஷவலும் உப்பும் நவம்பருக்குள் வாங்கி வையுங்கள். புயல் அறிவிப்பு வந்த அன்று போனால் கடையில் காலி அலமாரிதான் இருக்கும்.

இலையுதிர் காலத்தில் இலையை எப்படி, எந்த நாளில் வெளியே வைப்பது என்பதற்குத் தனி அட்டவணை. மரம் வெட்டுமுன் அனுமதி வாங்குங்கள், உங்கள் மனையில் நின்றாலும். முருங்கை நடக் குழி தோண்டுவதானாலும் 811க்கு போன் செய்தால் இலவசமாக வந்து எரிவாயுக் குழாயும் கேபிளும் போகும் இடத்தில் வண்ணம் அடித்துக் காட்டுவார்கள். முருங்கை இந்தக் குளிருக்குத் தாங்காது என்பது வேறு விஷயம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வையுங்கள். அக்டோபர் வந்தால் வீட்டுக்குள்.

இரவில் தெருவில் கார் நிறுத்தலாமா என்பதைப் பலகையில் பாருங்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைப் பார்க்க வரும் உறவினர் இரவு தங்கிக் காரைத் தெருவில் விட்டால் போலீஸ் நிலையத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிற வழக்கம் பல பரோக்களில் உண்டு.

8. கடை, கோயில், பொழுது

மளிகைக்கு எடிசன், ஐஸ்லின் வழியே போகும் ஓக் ட்ரீ ரோடு. இட்லி அரிசி முதல் வாழையிலைவரை கிடைக்கும், சனிக்கிழமை மாலை மட்டும் பார்க்கிங் கிடைக்காது. கோயிலுக்கு பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர். பெரிய மளிகைக் கடைகளில் 2022 முதல் பை தரமாட்டார்கள், மஞ்சப்பை எடுத்துப் போங்கள். பெட்ரோல் பங்கில் இறங்க வேண்டாம், 1949 முதல் இந்த மாநிலத்தில் ஊழியர்தான் நிரப்ப வேண்டும்.

ஊருக்குள் நடக்க மிடில்செக்ஸ் கிரீன்வே இருக்கிறது. பழைய லீஹை வேலி ரயில்பாதையை எடுத்துவிட்டுப் போட்ட மூன்றரை மைல் நடைபாதை. சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பழைய ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடம் 1807இல் கட்டிய ஒற்றை அறைக் கட்டடம், இன்னும் நிற்கிறது. நூறு வருடம் முன் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இங்கே குடிவந்ததால் 'பிரெய்னி பரோ', அதாவது மூளைக்கார ஊர் என்று பட்டப்பெயர் உண்டு. எழுத்தாளர் மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் இங்கே வாழ்ந்தவர். மந்திரவாதி டேவிட் காப்பர்ஃபீல்டு இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அதற்குத்தான் மதிப்பு.

9. பரோ ஹாலுக்கு ஒரு தடவை போய் வாருங்கள்

மெயின் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. மேயருக்கு நான்கு வருடம், கவுன்சிலர் ஆறு பேருக்கு மூன்று வருடம். ஆண்டுக்கு இரண்டு பேர் வீதம் மாறுவார்கள். கூட்டம் யாருக்கும் திறந்தது. விசாவில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது, ஆனால் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேரும் முகவரியும் சொல்லிப் பேசலாம். நான் ஒரு தடவை பள்ளிப் பாதையில் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேசினேன். மைக் முன்னால் நின்றபோது கால் நடுங்கியது. எனக்கு முன்னால் பேசியவர் பக்கத்து வீட்டு இலை ஊதும் இயந்திரத்தின் சத்தம் பற்றி நிறுத்தாமல் பேசிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் நடுக்கம் போய்விட்டது.

திரும்பும்போது குப்பை, மறுசுழற்சி அட்டவணை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜ் கதவில், அம்மா அனுப்பிய தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ராகுகாலம் பார்க்கிறோமோ இல்லையோ, அட்டைப்பெட்டி எடுக்கும் நாளைப் பார்க்காமல் யாரும் படுக்கப் போவதில்லை.